பழைய கம்பளிக் கொட்டகையின் மர அழுத்துப்பொறி: பக்கவாட்டுத் துளைகள் எதற்காக?

கேள்வி (தேவிபட்டினம்)

அனைவருக்கும் வணக்கம். என் சித்தப்பா மகன் ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் உட்பகுதியில் உள்ள ஓர் ஆட்டுப் பண்ணையில் வேலை பார்க்கிறார். அங்கே பல ஆண்டுகளாகப் பயன்படுத்தப்படாத ரோமம் கத்தரிக்கும் கொட்டகையின் ஒரு மூலையில், கம்பளி ரோமத்தைச் சிப்பமாக அழுத்தும் மரப்பொறி ஒன்று நிற்கிறது. அதைச் சுத்தம் செய்து பார்வைக்கு வைக்கும் பொறுப்பை உரிமையாளர் அவரிடம் ஒப்படைத்திருக்கிறார். அவர் அனுப்பிய படங்களில், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பெரிய மரப்பெட்டிகளும், இருபுறமும் பல் வெட்டிய இரும்புச் சட்டங்களும், அவற்றை இயக்க ஆள் உயர நெம்புகோல்களும் தெரிகின்றன. இரண்டு பெட்டிகளும் சேரும் இடத்தில், எதிரெதிர்ப் பக்கங்களில் வரிசையாகத் துளைகள் உள்ளன. இவை பின்னால் யாரோ போட்ட துளைகளா, பொறியுடனேயே வந்தவையா என்று தெரியாததால் அடைத்துவிடலாமா என்று தம்பி கேட்கிறார். கடலோரத்தில் துரு என்ன செய்யும் என்பதை நான் அறிவேன். ஆனால் கம்பளியைப் பற்றி நமக்கு அனுபவம் கிடையாது. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1 (கீழக்கரை)

துளைகளைத் தயவுசெய்து அடைக்க வேண்டாம். அந்தப் பொறியின் உயிரே அங்குதான் இருக்கிறது. வேலை நடக்கும் முறையைச் சொன்னால் உங்களுக்கே விளங்கும். கீழ்ப்பெட்டிக்குள் சணல் சாக்கை விரித்து மாட்டுவார்கள். கீழ்ப்பெட்டியிலும் மேல்பெட்டியிலும் ரோமத்தை நிரப்பி, மேலிருந்து ஒரு கனத்த பலகையை நெம்புகோலால் படிப்படியாக இறக்கினால், இரண்டு பெட்டி ரோமமும் கீழ்ப்பெட்டிக்குள் அடங்கிவிடும். ஆனால் ரோமம் சுருள் கம்பியைப் போன்றது. பலகையைத் தூக்கிய மறுகணம் பொங்கி மேலே வந்துவிடும். ஆகவே பலகை அழுந்தியிருக்கும்போதே அந்தத் துளைகள் வழியாக இரும்புக் கம்பிகளை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை செருகிவிடுவார்கள். கம்பிகள் ரோமத்தைப் பிடித்துக்கொள்ள, பலகையை உயர்த்தி, மேல்பெட்டியை விலக்கி, சாக்கின் வாயை மடித்து வளைந்த ஊசியால் தைத்த பிறகே கம்பிகளை உருவுவார்கள். தையலுக்குப் பதிலாக உலோகக் கொக்கி மாட்டும் வழக்கம் பின்னால் வந்தது.

இந்தப் பொறிகள் வருவதற்கு முன்பு, தொங்கவிட்ட சாக்குக்குள் ஆளே இறங்கி ரோமத்தை மிதித்து அடைத்தார். 1870களில் ஜீலாங் நகரத்தில் உருவான ஃபெரியர் நெம்புகோல் பொறியும், பிறகு சிட்னியில் செய்யப்பட்ட கோயர்ட்ஸ் பொறியும் பெயர் பெற்றவை. வார்ப்பிரும்புப் பாகங்களில் எழுத்து பொறித்திருக்கிறதா என்று தம்பியைத் தேடச் சொல்லுங்கள். ஜீலாங்கில் 1872இல் கட்டிய பழைய கம்பளிக் கிடங்கில் தேசியக் கம்பளி அருங்காட்சியகம் இயங்குகிறது. படங்களை அங்கே அனுப்பிக் கேட்பது நல்லது.

பதில் 2 (முதுகுளத்தூர், ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்)

நம் பக்கத்தில் இத்தகைய பொறி இல்லாததற்குக் காரணம் ஆடுதான். இராமநாதபுரம் வெள்ளை இறைச்சிக்காக வளர்க்கப்படும் இனம்; அதன் உடலில் இருப்பது குட்டையான மயிரே தவிர, நூற்கத் தகுந்த ரோமம் அன்று. தமிழ்நாட்டில் மெல்லிய ரோமத்துக்கு நீலகிரி இனத்தைத்தான் சொல்ல வேண்டும். ஆயினும் எங்கள் கரிசல் பகுதியில் பருத்தி விளைவதால் பஞ்சுச் சிப்பம் நமக்குப் புதிதல்ல. இந்தியப் பஞ்சுச் சிப்பம் 170 கிலோ. ஆஸ்திரேலியக் கம்பளிச் சிப்பம் இன்றைய விதிப்படி 110 முதல் 204 கிலோ வரை இருக்கலாம். ஆனால் பஞ்சை அழுத்திப் பட்டை போட்டுக் கட்டுகிறோம். பண்ணைக் கொட்டகையில் கம்பளியைச் சாக்கே பிடித்துவைக்க வேண்டும். அந்தச் சாக்குகளில் பெரும்பங்கு கல்கத்தா ஆலைகளில் நெய்த வங்காளச் சணலால் ஆனவை என்பதை நினைக்கும்போது எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது. பிற்காலத்தில் சணல் இழைகள் ரோமத்தோடு கலந்து நூலைக் கெடுத்ததால் செயற்கை இழைச் சாக்குக்கு மாறினார்கள்.

பதில் 3 (மண்டபம், படகுத் தச்சர்)

முன்னிருவர் சொன்னவற்றோடு கைவேலைக்காரன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை சொல்ல விரும்புகிறேன். பல் சட்டத்தைத் தடுத்து நிறுத்தும் இரும்பு நாக்கு தேய்ந்திருந்தால், சுமையேற்றிய நெம்புகோல் திடீரென்று திரும்பி ஆளை அடிக்கும். எனவே பார்வைக்கு இயக்கிக் காட்டும் எண்ணம் இருந்தாலும், நாக்கையும் அதன் முளையையும் கழற்றிச் சோதிக்கும் வரை வெறும் பெட்டியைக்கூட அழுத்திப் பார்க்க வேண்டாம். இரும்பின் துருவைக் கம்பித் தூரிகையால் மேலோட்டமாக நீக்கி எண்ணெய் பூசினால் போதும். மரத்தைப் பொறுத்தவரை, எங்கள் படகுகளுக்குப் பூசுவதைப் போல எதையும் பூசச் சொல்லாதீர்கள். பல்லாண்டு ரோமத்தின் கொழுப்பு ஊறிய பலகை அது. வார்னிஷ் அதன் மேல் நிற்காமல் தோலுரியும். உலர்ந்த தூரிகையால் தூசி தட்டினால் அந்தக் கொழுப்பே பளபளப்பைக் கொடுக்கும். பலகையில் கரிக்கோடுகளோ, சிப்ப எண்ணிக்கையோ, பண்ணையின் முத்திரை மையோ தெரிந்தால் ஒரு துளி நீர்கூடப் படக்கூடாது. அவற்றை எழுதிய கை இன்று இல்லை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் என் உளமார்ந்த நன்றி. கீழக்கரை ஐயாவின் விளக்கத்தை நேற்றிரவு தம்பிக்குப் படித்துக் காட்டினேன். அவர் இன்று காலை கொட்டகையின் குறுக்கு உத்திரத்தில், எதற்கென்று தெரியாமல் ஆணியில் மாட்டிக் கிடந்த நான்கு நீண்ட இரும்புக் கம்பிகளை இறக்கிப் பொருத்திப் பார்த்திருக்கிறார். நான்கும் துளைகளில் வழுக்கிக்கொண்டு நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தனவாம். எழுத்துக்கு வார்ப்பிரும்பைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். தெரிந்ததும் இங்கே எழுதுகிறேன்.