பேஷன் டிசைனிலிருந்து புராடக்ட் மேனேஜ்மென்ட் பக்கம் போகலாமா? மதுரையிலிருந்து கேட்கிறேன்

தெற்குவாசல்_தையல் எழுதியது:

வணக்கம். எனக்கு 31 வயது. பேஷன் டிசைன் படித்துவிட்டு ஒன்பது வருஷமாக மதுரையில் குர்தி, நைட்டி தயாரிக்கும் ஒரு யூனிட்டில் இருக்கிறேன். பெயருக்கு டிசைனர். பேட்டர்ன் வரைவது, சாம்பிள் ரூமில் நிற்பது, துணிக் கணக்கு போடுவது, கடந்த மூன்று வருஷமாக எங்கள் இணையக் கடைக்கு போட்டோ, சைஸ் சார்ட் ஏற்றுவது எல்லாமே என் தலையில்தான். அப்பா புதுமண்டபத்தில் மெஷின் போட்டுத் தைத்தவர். கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியதும் அவரும் அங்கே போனார். அளவெடுக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது அவர்தான். துணி பிடிக்காமல் நான் வெளியே வர நினைக்கவில்லை, அதனால்தான் இதையும் சொல்கிறேன்.

போன ஆடியில் ஒரு குர்தி மாடல் அதிகமாகத் திரும்பி வந்தது. காரணம் கேட்கும் இடத்தில் எல்லாரும் 'சைஸ் சரியில்லை' என்பதையே அழுத்தியிருந்தார்கள். முதலாளி பேட்டர்ன் மாஸ்டரைத் திட்டினார். எனக்கு மனசு ஒப்பவில்லை. திரும்பி வந்த பைகளில் 40-ஐ உட்கார்ந்து பிரித்தேன். மார்பும் இடுப்பும் சரியாக இருந்தன. 17 குர்தியில் அக்குளுக்குக் கீழே தையல் இழுபட்டு நூல் விட்டிருந்தது. வாங்கியவர்களில் 12 பேருக்குப் போன் செய்தேன். ஒரு அக்கா சொன்னார்: "உடம்புக்கு எல் சரியாத்தான் இருக்கும்மா, கைதான் ஏறல. எக்ஸ்எல் எடுத்தா தோள் தொங்குது."

எங்கள் சைஸ் சார்ட்டில் கைச்சுற்று என்ற அளவே கிடையாது. அதைச் சேர்த்தேன். அடுத்த லாட்டில் கைச்சுற்றை முக்கால் இஞ்ச் கூட்டினோம். திருப்பி அனுப்பும் பக்கத்தில் கை இறுக்கமா, உடம்பு இறுக்கமா, நீளம் போதவில்லையா என்று பிரித்துக் கேட்க வைத்தேன். திரும்பி வருவது பாதிக்கும் கீழே இறங்கியது. எங்கள் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி இலந்தைக்குளம் ஐடி பார்க்கில் வேலை பார்ப்பவர். "அக்கா, வாங்குறவங்க எங்க சிரமப்படுறாங்கன்னு பார்த்து, தளத்துலயோ ஆப்புலயோ எதை மாத்தணும்னு முடிவு பண்றதுதான் புராடக்ட் மேனேஜர் வேலை. நீங்க செஞ்சது அதுதான்" என்றார். அன்றிலிருந்து அதே நினைப்பு.

எனக்குக் கோடிங் தெரியாது. 1.8 லட்சத்துக்கு ஒரு கோர்ஸ் சொல்கிறார்கள். என் சம்பளம் 32,000. அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு பெங்களூர் போக முடியாது. இது நடக்கிற காரியமா?

வைகைக்கரை எழுதியது:

தங்கச்சி, நடக்கும். நான் திருப்பூரில் ஆறு வருஷம் மெர்ச்சண்டைசராக இருந்தேன். இப்போது நான்கு வருஷமாகப் புராடக்ட் மேனேஜர். திருமங்கலத்தில் வீட்டிலிருந்து வேலை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பெங்களூர் போய் வருவேன்.

டிசைன் படித்தவள்தானே, ஆப் திரைகளை வரையும் ஃபிக்மா சாஃப்ட்வேரைக் கற்றுக்கொள் என்று எல்லாரும் சொல்வார்கள். அது திரையை வடிவமைக்கிற வேலை. நல்ல வேலைதான், ஆனால் நீங்கள் கேட்பது அது இல்லை. புராடக்ட் மேனேஜருக்கு நம் தொழிலில் நெருங்கிய சொந்தம் மெர்ச்சண்டைசர். பையர் ஒன்று கேட்பார், ஃபேக்டரி முடியாது என்னும், துணி வந்து சேராது, ஷிப்மென்ட் தேதியும் நகராது. அதற்கு நடுவில் நின்று எதை விட்டுக்கொடுக்கலாம், எதில் கை வைக்கக்கூடாது என்று தீர்மானித்து எல்லாரையும் சம்மதிக்க வைப்பதுதானே மெர்ச்சண்டைசர் வேலை? இங்கேயும் அதேதான். டெவலப்பர் யாரும் நமக்குக் கீழே இல்லை, பேசித்தான் வேலை நடக்கும். ஃபேக்டரிக்கு அளவு, துணி, தையல் விவரமெல்லாம் எழுதித் தரும் டெக்பேக் எழுதிய கையும் வீண் போகாது. லைனில் இருப்பவர் போன் போட்டுக் கேட்காமல் தைக்கிற அளவுக்கு எழுதுவோமே, அந்தத் தெளிவு டெவலப்பருக்கும் வேண்டும். அவர்கள் வேலையைச் சீட்டு சீட்டாக நகர்த்தும் கான்பான் போர்டே டொயோட்டா கார்த் தொழிற்சாலையிலிருந்து வந்ததுதான்.

எனக்குப் பழக நாளானது வேறொன்று. துணியில் கத்தரி வைத்தால் திரும்ப ஒட்ட முடியாது. உற்பத்திக்கு முன்னால் தைத்துக் காட்டும் பிபி சாம்பிள் ஓகே ஆகாமல் நாம் கட்டிங்குக்கே விடமாட்டோம். இங்கே பாதி தெரிந்த நிலையிலேயே சின்னதாக ஒன்றைச் செய்து, நூற்றில் ஐந்து பேருக்கு மட்டும் காட்டி, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து மாற்ற வேண்டும். முதல் ஆறு மாதம் நான் எல்லாம் கச்சிதமாக வரட்டும் என்று பிடித்து வைத்து, டீமையே காக்க வைத்துவிட்டேன். அப்புறம், அங்கே பெட்டி லாரி ஏறினால் நம் வேலை முடிந்தது. இங்கே வெளியிட்ட அன்றைக்குத்தான் வேலை ஆரம்பம்.

என் முதல் இன்டர்வியூவில் அழகான படங்களாகக் கொண்டுபோய்க் காட்டினேன். "இது பலன் கொடுத்ததா என்று எந்த எண்ணை வைத்துச் சொல்வீர்கள்?" என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து, சேமித்து வைத்த தகவலிலிருந்து வேண்டிய எண்ணைக் கேட்டு எடுக்கும் எஸ்கியூஎல் மொழியைப் படிக்க ஆரம்பித்தேன். ராத்திரி பிள்ளைகள் தூங்கியபின் ஒரு மணி நேரம், மூன்று மாதம். எத்தனை பேர் பக்கத்தைப் பார்த்தார்கள், அதில் எத்தனை பேர் சைஸைத் தொட்டார்கள், எத்தனை பேர் பணம் கட்டினார்கள், எந்த இடத்தில் நழுவிப் போனார்கள் என்று நானே எடுத்துப் பார்க்கிற அளவுக்கு வந்தது. ஆரம்பத்துக்கு அது போதும்.

அந்த 1.8 லட்சத்தைக் கட்டாதீர்கள். கை வைத்துப் பிரித்த அந்த 40 பையை எந்தக் கோர்ஸும் உங்களுக்குத் தராது.

ஒத்தக்கடை_டெவ் எழுதியது:

நான் டெவலப்பர். புராடக்ட் ஆட்களை எடுக்கும் இன்டர்வியூக்களில் உட்காருகிறேன். உங்கள் கதை எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே ஒரு ஓட்டையைச் சொல்கிறேன், என்னிடம் வந்தால் முதலில் இதைத்தான் கேட்பேன். ஆடித் தள்ளுபடியில் வாங்குபவர்களும் சாதாரண மாதத்தில் வாங்குபவர்களும் ஒன்றா? தள்ளுபடி என்று அவசரமாக எடுத்துவிட்டுத் திருப்பி அனுப்புபவர்கள் அதிகம் இருக்கலாம். நீங்கள் கை வைக்காத வேறொரு மாடல் அதே இரண்டு காலத்தில் எவ்வளவு திரும்பி வந்தது என்று பாருங்கள். அதுவும் குறைந்திருந்தால், அந்தக் குறைவுக்கு முக்கால் இஞ்ச் காரணமில்லை.

நேராகப் புராடக்ட் மேனேஜர் என்று விண்ணப்பித்தால் பல இடங்களில் பதிலே வராது, அதற்காகச் சோர்ந்துவிடாதீர்கள். துணி விற்கும் இணைய நிறுவனங்களில் கேட்டலாக், ரிட்டர்ன்ஸ் டீம்கள் இருக்கின்றன. கார்மென்ட் யூனிட்டுகளுக்கு சாஃப்ட்வேர் செய்து விற்கும் சின்ன கம்பெனிகளும் இருக்கின்றன. அங்கே கட்டிங் டேபிளைப் பார்த்த ஆள் ஒருவர் கிடைத்தால் விடமாட்டார்கள். உள்ளே போய் ஒரு வருஷத்தில் பக்கத்து நாற்காலிக்கு மாறலாம்.

சுங்குடி_அம்மா எழுதியது:

கண்ணு, நாங்கள் மூன்று தலைமுறையாகச் சுங்குடி வியாபாரம். உன் கேள்வியை என் மகள் படித்துக் காட்டினாள். மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனால் என் கடைக் கணக்கு இன்னும் நோட்டில்தான் இருக்கிறது. கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் சேலையில் ஒன்று மாதிரி இன்னொன்று வராது. ஒவ்வொரு சேலையும் ஒரே ஒரு உருப்படிதான். போட்டோவை வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம், இணையத்தில் ஏற்றுகிறோம், கடைக்கு வருபவருக்கும் அதையே காட்டுகிறோம். தீபாவளிக்கு முன்னால் மட்டும் ஒன்பது சேலையை இரண்டு பேருக்கு விற்றுவிட்டோம். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், ஆனால் கல்யாணத்துக்கு என்று ஆசையாகக் கேட்ட பிள்ளையிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ படித்துப் பழக ஒரு இடம் வேண்டுமென்றால் சனிக்கிழமை கடைக்கு வா.

தெற்குவாசல்_தையல் எழுதியது:

அக்கா, சார், அம்மா, மூன்று பேருக்கும் நன்றி. கோர்ஸ்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சார் சொன்ன கணக்கை நேற்று ராத்திரி எடுத்தேன். ஆடியில் 412 விற்று 61 திரும்பியது. அடுத்த லாட்டில் 388 விற்று 24 திரும்பியது. அதாவது நூற்றுக்குக் கிட்டத்தட்ட 15 என்பது 6 ஆகியிருக்கிறது. நான் தொடாத இன்னொரு மாடல் அதே காலங்களில் நூற்றுக்கு 9-லிருந்து 7-க்கு வந்திருக்கிறது. ஆகவே குறைந்ததில் ஒரு பகுதி ஆடி போனதால்தான், மிச்சம்தான் கைச்சுற்றால். பாதிக்கும் கீழே என்று இனிமேல் மொட்டையாகச் சொல்லமாட்டேன். இந்த வாரம் இதை ஒரு பக்கத்தில் எழுதி இங்கே போடுகிறேன், அக்கா பார்த்துச் சொல்லுங்கள்.

அம்மா, சனிக்கிழமை பத்து மணிக்கு வருகிறேன். அதுவரை ஒரு உதவி: இரண்டு பேருக்கு விற்ற அந்த ஒன்பது சேலையின் வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள். யார் எத்தனை மணிக்குக் கேட்டார்கள், நோட்டில் எத்தனை மணிக்கு எழுதினீர்கள் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.