கார்கில் குளிரில் உறையும் டீசல்: அனுபவமுள்ளோர் வழிகாட்டுங்கள்

வணக்கம். நாமக்கல்லிலிருந்து லே வரை சரக்கு ஏற்றிச் செல்லும் என் லாரி, சென்ற நவம்பரில் கார்கிலில் ஓர் இரவு நின்றபின் விடியற்காலையில் கிளம்ப மறுத்ததால், டீசல் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தபோது, மார்கழியில் உறைந்த தேங்காய் எண்ணெயைப் போல மெழுகு அப்பியிருந்தது. சமவெளியில் நிரப்பிய டீசலிலுள்ள பாரஃபின் குளிரில் உறைந்து அடைத்துக்கொண்டது என்பது புரிகிறது. லடாக்கிற்கென இந்தியன் ஆயில் 2019-இல் அறிமுகப்படுத்திய, மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத குளிர்கால டீசலை, டேங்கில் பழைய டீசல் பாதி இருக்கும்போதே நிரப்பினால் பலன் இருக்குமா, அல்லது முழுவதும் இறக்கிவிட வேண்டுமா? மண்ணெண்ணெய் கலக்கச் சிலர் சொல்கிறார்கள். பிஎஸ்-6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதிக்கேற்ற) எஞ்சினுக்கு அது கெடுதல் என்றே அஞ்சுகிறேன். டேங்கின் அடியில் தீ மூட்டும் யோசனையைத் தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம். அடுத்த நடை பத்து நாளில் இருப்பதால், அந்தப் பாதையில் ஓட்டியவர்கள் விரைவில் பதிலளித்தால் நன்றியுடையவனாவேன்.