புதுப்பிப்பு: பீட்டா பிளாக்கரும் 46-க்கு இறங்கிய நாடித் துடிப்பும்

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்காக (இதயம் சீரற்றுத் துடிக்கும் நோய்) மெட்டோப்ரோலால் என்ற பீட்டா பிளாக்கரை, அதாவது இதயத் துடிப்பை மெதுவாக்கும் மாத்திரையை, 50 மி.கி. எடுத்துவந்த என் அப்பாவுக்கு ஓய்வில் நாடி 46-க்கு இறங்குகிறதே, மாத்திரையை நிறுத்தலாமா என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

நிறுத்தவில்லை. திடீரென நிறுத்தினால் துடிப்பு எகிறக்கூடும் என்று நீங்கள் எச்சரித்ததையே தண்டையார்பேட்டையில் நாங்கள் பார்க்கும் இதய மருத்துவரும் சொன்னார். இதயத் துடிப்பை 24 மணி நேரம் தொடர்ந்து பதிவுசெய்யும் ஹோல்டர் பரிசோதனையை எழுதிக் கொடுத்தார். மார்பில் ஒட்டிய கம்பிகளைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு அப்பா காசிமேட்டுக்கு மீன் வாங்கவும் போய்வந்தார். பகலில் பரவாயில்லை, உறக்கத்தில் மட்டும் 38 வரை இறங்கியிருந்தது.

விடை கிடைத்தது, "சொட்டு மருந்து ஏதாவது விடுகிறாரா?" என்று கேட்ட நண்பரால்தான். கண் அழுத்த நோய்க்காக அப்பா தினமும் விட்டுவந்த டிமோலால் சொட்டு மருந்தும் ஒரு பீட்டா பிளாக்கரே என்பதும், அது கண்ணிலிருந்து மூக்கின் வழியே இரத்தத்தில் கலந்து இதயத்தையும் மெதுவாக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியாது. சொட்டு மருந்தை நாங்கள் மருந்துக் கணக்கிலேயே சேர்த்ததில்லை. கண் மருத்துவர் அதை, பீட்டா பிளாக்கர் அல்லாத லேட்டனோப்ராஸ்ட் சொட்டு மருந்தாக மாற்றினார். மெட்டோப்ரோலால் 25 மி.கி. ஆனது. இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையில் மாற்றமில்லை. மூன்று வாரமாக நாடி 58 முதல் 62 வரை இருக்கிறது, மாடிப்படி ஏறும்போது வந்த தலைசுற்றலும் இல்லை.

துடிப்பு சீரற்றிருப்பதால் வீட்டு பி.பி. கருவி ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் எண்ணைக் காட்டியது. இப்போது மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுகிறோம்.