வழக்கைக் கைவிட்ட வழக்கறிஞர் மீது பார் கவுன்சிலில் புகார் கொடுத்தால் என்ன நடக்கும்?

கேள்வி (ஏற்காட்டிலிருந்து):
காப்பித் தோட்டப் பாகப்பிரிவினைக்காக எங்கள் தாயார் சேலத்தில் வழக்குத் தொடுத்திருந்தார். அஸ்தம்பட்டி நீதிமன்றத்துக்கு மலையிறங்கிப் போகும்போதெல்லாம், "வாய்தா போட்டிருக்கிறார்கள், நீங்கள் வரத் தேவையில்லை" என்றே எங்கள் வழக்கறிஞர் சொல்லிவந்தார். ஈ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தபோதுதான், எங்கள் தரப்பில் யாரும் ஆஜராகாததால் வழக்கு தள்ளுபடியாகி ஓராண்டு கடந்துவிட்டது தெரிந்தது. பாக்கி ஃபீஸைக் கொடுத்தால்தான் வழக்கு ஆவணங்கள் அடங்கிய கட்டைத் தருவேன் என்கிறார். மூலப்பத்திரம் அதற்குள்தான் இருக்கிறது. அவருக்கு என்ன தண்டனை கிடைக்கும்? எங்களுக்கு நஷ்டஈடு உண்டா?

பதில் 1 (சேலத்தில் தொழில் செய்யும் வழக்கறிஞர்):
ஐயா, முதலில் வழக்கைக் காப்பாற்றுங்கள். தள்ளுபடியான வழக்கை மீண்டும் கோப்பில் எடுக்கக் கோரும் மனுவுக்கு 30 நாள்தான் கெடு. அது கடந்துவிட்டதால், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் வேறொரு வழக்கறிஞர் மூலம் சேர்த்துப் போட வேண்டும். வழக்கறிஞர்களைப் பதிவு செய்து அவர்கள் ஒழுக்கத்தைக் கண்காணிக்கும் பார் கவுன்சிலில் கொடுக்கும் புகார் இதற்கு மாற்றாகாது.

புகாரைச் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலுக்குக் கையொப்பமும் உறுதிமொழியும் இட்டுக் கொடுக்க வேண்டும்; தமிழிலேயே எழுதலாம். முகாந்திரம் இருப்பதாகக் கவுன்சில் கருதினால், மூவர் அடங்கிய ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரிக்கும். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆவது பிரிவின்படி, அக்குழு அவரைக் கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலத்துக்குத் தொழில் செய்யத் தடை விதிக்கலாம், அல்லது பெயரையே பதிவேட்டிலிருந்து நீக்கலாம். ஓராண்டுக்குள் முடிக்காவிட்டால் விசாரணை இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும்.

பதில் 2:
கட்டைப் பிடித்து வைத்திருப்பதே தனிக் குற்றச்சாட்டு. அதைப் புகாரில் தவறாமல் சேருங்கள். ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் ஆவணங்களை நிறுத்தி வைக்க வழக்கறிஞருக்கு உரிமை கிடையாது என்று ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. கட்டைத் திருப்பிக் கேட்டுப் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) கடிதம் அனுப்பி, அது சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள்.

பதில் 3:
கவனக்குறைவு எல்லாமே தொழில் ஒழுக்கக்கேடு ஆகிவிடாது. வாய்தாவைத் தவறவிட்டதைக் காட்டிலும், வழக்கு நடக்கிறது என்று பொய் சொல்லிவந்ததுதான் உங்கள் புகாருக்கு வலு. ஆகவே எந்தத் தேதியில் என்ன சொன்னார் என்பதை, வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அதனுடன், தள்ளுபடி உத்தரவின் சான்றிட்ட நகலுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். வழக்கே தாக்கல் செய்யாமல் கட்சிக்காரரை நம்பவைத்த தமிழ்நாட்டு வழக்கறிஞர் ஒருவரின் மேல்முறையீட்டில், தொழில் தடையோடு பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கொடுக்கவும் இலவச சட்ட உதவிப் பணி செய்யவும் 1979இல் உச்ச நீதிமன்றம் வழி வகுத்தது. அது அரிதான உத்தரவு. 35ஆவது பிரிவில் நஷ்டஈடு இல்லை. வழக்கறிஞர் பணி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் தீர்ப்பளித்த பிறகு, நுகர்வோர் ஆணையத்துக்கும் போக முடியாது. நஷ்டஈட்டுக்கு உரிமையியல் (சிவில்) வழக்குத்தான் போட வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. புகார் கொடுத்த பின் அவர் சமரசத்துக்கு வந்தால், அதோடு முடிந்துவிடுமா?

பதில் 1:
முடியாது. புகார்தாரர் வாபஸ் வாங்கினார் அல்லது சமரசம் ஆனார் என்ற காரணத்துக்காக மட்டும் விசாரணையைக் கைவிடக் கூடாது என்று இந்திய பார் கவுன்சில் விதிகளே சொல்கின்றன. வெற்றுத்தாளில் மட்டும் தாயாரைக் கையெழுத்துப் போடவிடாதீர்கள். புது வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதி இல்லையென்றால், நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். பெண் என்பதால், வருமான வரம்பைப் பார்க்காமலே அவருக்கு இலவச சட்ட உதவி பெறும் தகுதி உண்டு.