லினக்ஸ் அப்டேட் டவுன்லோட் நத்தை வேகம்: உங்களுக்கு எங்கே சிக்கியது?

கறுப்புத்திரை:
பழைய கதைதான், டெபியன் 9 லினக்ஸ் காலம். பிரௌசரில் வீடியோ தங்குதடையில்லாமல் ஓடும்; டெர்மினலில் ஆப்ட் (மென்பொருளை இறக்கி நிறுவும் கருவி) அப்டேட் போட்டால் 0% என்று ஆணி அடித்தாற்போல் நின்றுவிடும். மென்பொருளின் நகலை வைத்துத் தரும் சர்வர், அதாவது மிரர்தான் மோசம் என்று முடிவுகட்டி மூன்று மிரர் மாற்றினேன். மூன்றிலும் அதே நிலைமை. அப்புறம்தான் உறைத்தது: தொடங்கத்தான் நேரம் எடுக்கிறது, தொடங்கிவிட்டால் பறக்கிறது. மிரர் மந்தம் என்றால் வழி நெடுகவல்லவா ஊர்ந்திருக்க வேண்டும்?

காரணம் ஐபிவி6, பழைய ஐபிவி4க்கு அடுத்து வந்த இணைய முகவரி முறை. ரவுட்டர் முகவரி கொடுத்துவிட்டது, வெளியே போகத்தான் வழியில்லை. ஆப்ட் முதலில் அந்தக் கதவைத் தட்டித் தட்டிச் சலித்து, பிறகே ஐபிவி4 பக்கம் வந்தது. 'அக்வயர் ஃபோர்ஸ் ஐபிவி4' என்ற அமைப்பை 'ட்ரூ' ஆக்கியதும் காத்திருப்பு போயே போச்சு. ரவுட்டரைச் சரிசெய்த பிறகு அந்த வரியை எடுத்துவிட்டேன். உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

ஆர்ச்சுக்காரன்:
புதிய ஆப்டில் அந்த அவஸ்தை குறைவு நண்பரே. ஒரு முகவரி 250 மில்லிநொடிக்குள் பதில் சொல்லாவிட்டால் அடுத்ததையும் தட்டிப் பார்க்கிறது.

என் கதை வேறு. ஆர்ச் லினக்ஸில் ஆப்ட் செய்யும் வேலையைச் செய்வது பேக்மேன்; அதன் 6.0 வந்தது 2021இல். அதற்கு முன் பேக்கேஜ்கள் (மென்பொருள் பொதிகள்) ஒன்றன்பின் ஒன்றாகத்தான் இறங்கும். இருநூறு குட்டிப் பேக்கேஜ் என்றால் இறங்கும் நேரத்தைவிட 'வணக்கம்' சொல்லிக்கொள்ளும் நேரமே அதிகம். 6.0இல் 'பேரலல் டவுன்லோட்ஸ்' வரிக்கு முன்னால் இருந்த # குறியை எடுத்தேன், 5 என்றே விட்டேன். வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. ஆசை விடுமா? 20 ஆக்கினேன். கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை, ஏனென்றால் அதற்குள் என் இணைப்பே நிரம்பிவிட்டிருந்தது.

பிறகு மிரர்களைச் சலித்துத் தரும் ரிஃப்ளெக்டர் என்ற கருவியை வைத்து வேக வரிசையில் மிரர் பட்டியல் போட்டேன். முதலிடம் பிடித்த மிரர் மின்னல்தான். ஒரு வாரம் அப்டேட்டே வரவில்லை. 'அட, டெவலப்பர்கள் லீவு போல' என்று நானும் நிம்மதியாக இருந்தேன். பார்த்தால் அந்த மிரர் தாய் சர்வரோடு ஒத்திசைந்தே நாளாகியிருக்கிறது! பழைய சரக்கை வேகமாக வாங்கி என்ன செய்ய? இப்போது 'ஏஜ்' 12 என்று சேர்த்துவிடுகிறேன்; கடைசி 12 மணி நேரத்தில் ஒத்திசைந்த மிரர் மட்டுமே பட்டியலில் நிற்கும்.

தொப்பிக்காரி:
ஃபெடோராவில் நானே எனக்கு வைத்துக்கொண்ட சூனியம். யாரோ சொன்னார்கள் என்று அதன் நிறுவும் கருவியான டிஎன்எஃப்பின் அமைப்புக் கோப்பில் இரண்டு வரி சேர்த்தேன்: 'மேக்ஸ் பேரலல் டவுன்லோட்ஸ்' 10, 'ஃபாஸ்டஸ்ட் மிரர்' ட்ரூ. முதல் வரி நல்லது. சும்மா விட்டால் 3தான், உச்சம் 20. இரண்டாவதுதான் வில்லன். அது பார்ப்பது எந்த மிரர் சீக்கிரம் இணைகிறது என்பதை. எவ்வளவு அள்ளித் தரும் என்பதை அல்ல. பக்கத்தில் இருக்கிற, குழாய் ஒல்லியான மிரராகப் பார்த்துப் பிடித்துக்கொண்டது. சர்வர் தரும் பட்டியலே பெரும்பாலும் இருக்கும் இடத்தைப் பார்த்து வரிசைப்படுத்தியதுதான், அந்த வரிசையை நான் கலைத்துவிட்டேன். வரியை அழித்தேன், பழைய வேகம் வந்தது.

ஆய்வகப் பொறுப்பாளர்:
எங்களிடம் 12 கணினிகள், இணைப்பு ஒன்றே ஒன்று. ஒரே பேக்கேஜை 12 முறை இறக்கிக்கொண்டிருந்தோம் என்பது எனக்கு உறைக்கவே மாதங்கள் ஆனது. இறங்கிய பேக்கேஜைச் சேமித்து வைத்து மற்ற கணினிகளுக்கும் தரும் இடைத்தரகர் (ப்ராக்ஸி) ஆப்ட் கேச்சர் என்ஜியை ஒரு கணினியில் நிறுவி, மற்றவற்றை அதன் 3142ஆம் போர்ட்டுக்குத் திருப்பினேன். முதல் கணினிக்கு மட்டும் வெளியிலிருந்து வரும், மீதிக்கெல்லாம் உள்வலையிலிருந்தே. எச்டிடிபிஎஸ் ரெப்போக்களை (பேக்கேஜ் கிடங்குகளை) மட்டும் இது சேமித்து வைக்காது, எல்லாம் மறையாக்கப்பட்டு வருவதால் உள்ளே என்ன போகிறதென்று அதற்குத் தெரியாதே. வெறும் எச்டிடிபி ஆபத்தில்லையா என்று ஒருவர் சண்டைக்கே வந்தார். ரெப்போ பட்டியலில் கையொப்பம், பேக்கேஜுக்கு ஹாஷ் (கைரேகை போன்ற எண்), இரண்டையும் ஆப்ட் சரிபார்க்கிறது. நடுவில் யாராவது மாற்றினால் நிறுவாது.

சொதப்பியது ஒரு மடிக்கணினியில். வேறிடத்துக்குக் கொண்டுபோனவர் அப்டேட் போட, அது இல்லாத ப்ராக்ஸியைத் தேடி 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்' என்றது. பாதி ராத்திரியில் எனக்கு போன். இப்போது 'ப்ராக்ஸி ஆட்டோ டிடெக்ட்' வழியாகச் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறது, இல்லையென்றால் 'டைரக்ட்'.

பழைய வட்டு:
ஒரு வாரம் ஆப்ட் ஃபாஸ்ட், ஏரியா2 என்று டவுன்லோடை வேகமாக்கும் கருவிகளோடு மெனக்கெட்டேன். பிறகு ஒரு நாள் 'டவுன்லோட் ஒன்லி' கொடுத்து நேரம் பார்த்தேன்: இறங்க 40 நொடி. பிரித்து நிறுவ 11 நிமிடம்! குற்றவாளி என் சுழலும் ஹார்ட் டிஸ்க். ஆப்டுக்காகப் பேக்கேஜைப் பிரித்து நிறுவும் டிபிகேஜி, எழுதியது நிஜமாகவே வட்டில் பதிந்ததா என்று உறுதிசெய்துகொண்டுதான் நகரும். ஈட்மைடேட்டா என்று ஒன்று அந்த உறுதியைத் தூக்கிவிட்டு ஓடும். பெயரே எச்சரிக்கை, தூக்கிப்போட்டு மறுபடி செய்துகொள்ளக்கூடிய கன்டெய்னருக்கு (தனியாக அடைத்த சூழலுக்கு) வெளியே நான் அதைத் தொடமாட்டேன். ஆர்ச் 2019 கடைசியில் பேக்கேஜைச் சுருக்கும் முறையில் எக்ஸ்இஸட்டை விட்டு இஸட்ஸ்டாண்டர்டுக்கு மாறியதும் இதே பிரிக்கும் நேரத்துக்காகத்தான்: பேக்கேஜ் அளவு சுமார் 0.8% கூடினாலும் பரவாயில்லை என்று.

கறுப்புத்திரை:
அந்த 'டவுன்லோட் ஒன்லி' யோசனை எனக்குத் தோன்றவே இல்லையே! இப்போதே போட்டுப் பார்த்தேன். இறங்க 1 நிமிடம், நிறுவ 3. நான் இன்னும் மிரர் பட்டியலைத்தான் நோண்டிக்கொண்டிருந்தேன்.