பனிக்கால உப்பும் காரின் துருவும்: நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

ஸ்காபரோ, ஒன்ராறியோ

பனியை உருக்க வீதியில் போடும் உப்பு காரைத் துருப்பிடிக்க வைக்கிறது, அதைக் கழுவிப் பிரயோசனம் இருக்கிறதா என்று ஒவ்வொரு வின்ரரிலும் இதே பேச்சு வருகிறது. இன்றைக்குக் கழுவினால் நாளைக்கு மறுபடி உப்புப் போடுவார்கள், பிறகு ஏன் காசைக் கரைப்பான் என்று கேட்பவர்கள் நிறையப் பேர். ஏப்ரல் வரைக்கும் அப்படியே விட்டுவிட்டு ஒரேயடியாகக் கழுவுகிறவர்களும் உண்டு. எத்தனை தரம் கழுவுகிறோம் என்பதை விட எந்த நாளில், காரின் எந்த இடத்தைக் கழுவுகிறோம் என்பதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். அதை விளக்கமாக எழுதுகிறேன், உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

இங்கே வீதிக்குப் போடுவது பாறை உப்பு. ஹூரான் ஏரிக்கரையில் கோட்ரிச் என்ற ஊர் இருக்கிறது. ஏரிக்கு அடியில் 500 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் அங்கே உப்பு வெட்டுகிறார்கள். உலகத்திலேயே பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் அதுதான். மைனஸ் 10க்குக் கீழே போனால் வெறும் உப்பு சரியாக வேலை செய்யாது. அப்போது கல்சியம் குளோரைட், மக்னீசியம் குளோரைட் போன்றவற்றைக் கரைத்துச் சேர்க்கிறார்கள். காருக்கு வில்லங்கம் கூடுவது அங்கேதான். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் தண்ணீரை இழுத்துக் கசியும். மற்ற இரண்டும் 30 சதவீதத்தை ஒட்டியே இழுக்கத் தொடங்கிவிடும். பார்வைக்குக் கார் காய்ந்திருக்கும், ஆனால் தகடும் தகடும் சேரும் மடிப்புக்குள் ஈரம் அப்படியே நிற்கும்.

கடுங்குளிரில், எல்லாம் உறைந்து கிடக்கும் நாட்களில், துரு மிக மெதுவாகத்தான் ஏறும். காரில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்து அந்த நாட்களில் பதறத் தேவையில்லை. வெப்பநிலை பூச்சியத்தைத் தொட்டு, வீதியெல்லாம் சேறும் உப்புத் தண்ணீருமாக ஓடுகிற நாள்தான் ஆபத்தான நாள். சூடேற்றிய கராஜ் அதைவிட மோசம். சக்கரத்துக்குள் கட்டிபிடித்த பனியோடு காரை உள்ளே விட்டால், இரவு முழுக்க அது உருகி ஊறும். உப்பு, ஈரம், காற்று, சூடு என்று துருவுக்கு வேண்டிய நான்கும் ஓரிடத்தில் கிடைத்துவிடும். வெளியே நிற்கும் பக்கத்து வீட்டுக் காரைப் பார்த்துப் பாவம் என்போம். உண்மையில் அதுதான் மெதுவாகத் துருப்பிடிக்கும்.

அதனால் நான் வானிலையைப் பார்த்துத்தான் போவேன். பூச்சியத்துக்கு மேலே ஏறி, அடுத்த ஓரிரு நாள் ஸ்னோ இல்லை என்றால் காலையிலேயே போய்விடுவேன், பகலில் காயட்டும் என்று. முதலில் அடிப்பக்கத்துக்குத் தண்ணீர் பீய்ச்சும் வசதியுள்ள கார் வாஷ். சில இடங்களில் பாவித்த தண்ணீரையே வடித்துத் திரும்ப அடிக்கிறார்கள், அதில் உப்பு மிஞ்சியிருக்கலாம், ஆகவே கடைசியாக நல்ல தண்ணீரில் அலசுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு காசு போட்டு நாமே கழுவும் இடத்துக்குப் போய், குழாயைக் கையில் எடுத்து முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் மூலை, கதவுகளுக்குக் கீழே ஓடும் மடிப்பு, பின்பம்பரின் உட்பக்கம், பின்கதவின் கீழ் விளிம்பு ஆகியவற்றைக் கழுவுவேன். கூரையையும் பொனற்றையும் கழுவ நேரமில்லை என்றால் விட்டுவிடலாம்.

கதவின் அடி விளிம்பைக் குனிந்து பாருங்கள். விரல் நகம் அளவில் நீள ஓட்டைகள் இருக்கும். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் தண்ணீர் வெளியேறும் வழி அது. வின்ரரில் மண்ணும் உப்பும் குழைந்து அதை அடைத்துவிடும். வயர் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டி ஒன்றை உள்ளே விட்டு மெல்லத் துழாவினால் முதலில் ஒரு கட்டி விழும், பின்னாலேயே தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் ஒழுகும். கதவு அடியிலிருந்து கொப்புளித்து உளுத்துப்போவதற்கு அந்தத் தண்ணீர்தான் காரணம்.

கழுவி முடிந்ததும் கதவின் ரப்பரைத் துணியால் துடைத்து, சிலிக்கன் பூசுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் கதவு உறைந்து திறக்க வராது.

டெட்ராய்ட் பக்கம், மிச்சிகன்

அண்ணா, அருமையான பதிவு. கதவும் மட்கார்டும் துருப்பிடித்தால் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி நான் சொல்ல வேண்டும்.

திருச்சியிலிருந்து வேலைக்கு இங்கே வந்த புதிதில் பழைய கார் ஒன்று வாங்கினேன். மேலே பெயிண்ட் புதுசு மாதிரி இருந்தது. ஒரு பிப்ரவரி மாலை, சிக்னலில் நிறுத்த பிரேக்கை மிதித்தேன். மிதி வழக்கமான இடத்தில் நிற்காமல் மெத்தென்று கீழே இறங்கியது, டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. பிரேக் இரண்டு தனித்தனிச் சுற்றுகளாக இருப்பதால் மற்றொன்று பிடித்தது, முன்னால் நின்ற வண்டிக்குச் சற்று முன்னதாகக் கார் நின்றது. இறங்கிப் பார்த்தால் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் பனி மேல் எண்ணெய் சொட்டியிருக்கிறது. மெக்கானிக் காரைத் தூக்கிக் காட்டினார். பிரேக் லைன் என்பது பென்சிலை விட மெல்லிய இரும்புக் குழாய். அதைக் காரின் அடிச்சட்டத்தோடு பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புக்குள் உப்பு தங்கித் தங்கி, சரியாக அந்த இடத்தில் மட்டும் அரித்திருந்தது. ஓர் அங்குலம் தள்ளிக் குழாய் நன்றாகவே இருக்கிறது!

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. பிரேக் லைன் துருப்பிடிக்கிறது என்ற புகார்களை அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் ஆண்டுக்கணக்கில் விசாரித்து, 2015 ஏப்ரலில் முடித்தது. வண்டிகளைத் திரும்ப அழைக்கவில்லை. உப்புப் போடும் மாநிலங்களில் இருப்பவர்கள், குறிப்பாக 2007 அல்லது அதற்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்கள், குளிர்காலம் முழுக்க அடிப்பக்கத்தைக் கழுவுங்கள், பிரேக் லைனைச் சோதித்துப் பாருங்கள் என்று அறிவுரை சொன்னது. எனக்கு நிக்கல் கலந்த செம்புக் குழாய் போட்டுக் கொடுத்தார்கள், அது இப்படி அரிக்காது. பழைய கார் வாங்கும் நண்பர்கள் தயவுசெய்து லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

நோர்த் யோர்க், ரொறன்ரோ

நாங்கள் அடுக்குமாடியில். கார் நிற்பது நிலத்தடிப் பார்க்கிங்கில், வருடம் முழுக்க வெதுவெதுப்பு. மேலே அண்ணை சொன்னதைப் பார்த்தால் எங்கள் கார்தான் முதலில் போகும் போலிருக்கிறதே. அங்கே கழுவவும் விடமாட்டார்கள். என்ன செய்வது?

மார்க்கம், ஒன்ராறியோ

தங்கச்சி, கராஜ் வைத்து நீண்ட காலமாக வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். வீட்டுக்குள் இறங்குவதற்கு முன்னர், வரும் வழியில் காசு போடும் இடத்தில் நிறுத்தி நான்கு சக்கரத்தின் உட்பக்கத்துக்கும் தண்ணீர் அடியுங்கள். சவர்க்காரம் தேவையில்லை. உங்களைப் போல உள்ளே நிறுத்துகிறவர்களுக்கு எண்ணெய் அடிப்பது மற்றவர்களை விடக் கட்டாயம்.

எண்ணெய் அடிப்பது என்றால், உப்புப் போடத் தொடங்குவதற்கு முன்னர், ஒக்ரோபர் வாக்கில், அடிப்பக்கத்திலும் கதவு, பின்கதவு, பக்கச் சட்டங்களின் உள்வெளியிலும் மெல்லிய துருத்தடுப்பு எண்ணெயைப் பீய்ச்சுவது. அது ஊர்ந்து போய் மடிப்புக்குள் நிற்கிற ஈரத்தைத் தள்ளிவிட்டுத் தகட்டில் படியும். ஓரிரு நாள் சொட்டும், ட்ரைவேயில் மட்டை விரித்து விடுங்கள். ஒவ்வொரு வருடமும் திரும்ப அடிக்க வேண்டும். பிரேக் டிஸ்கில் மட்டும் ஒரு துளியும் படக்கூடாது.

தார் மாதிரித் தடிப்பாகக் கறுப்பு ரப்பர் பூசுவதை நான் பழைய கார்களுக்குச் செய்து கொடுப்பதில்லை. நாள் போக அது வெடிக்கும், வெடிப்பு வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழியில்லை. மேலே பார்த்தால் கறுப்பாக அழகாக இருக்கும். ஸ்குரூட்ரைவரின் கைப்பிடியால் கதவுக்குக் கீழே தட்டினால் ‘டங்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘பொத்’ என்று வரும். இன்னொரு தட்டுக்குக் கைப்பிடி உள்ளே போய்விடும். அப்படி அடிச்சட்டம் ஓட்டையான காருக்கு ஒன்ராறியோவில் சேஃப்டி, அதாவது பாதுகாப்புச் சான்றிதழ், கொடுக்க முடியாது. வெட்டி ஒட்டிக் கொடுத்தால் காரின் விலையை விடக் கூலி கூடிவிடும். பிள்ளைக்கென்று காசு சேர்த்து வாங்கிய காரை அப்படிக் கொண்டு வருகிற தாய் தகப்பனிடம் இதைச் சொல்வது எனக்கு மிகவும் கஷ்டம்.

கால்கரி, ஆல்பர்ட்டா

இங்கே கதை கொஞ்சம் வேறு. உப்போடு பொடிக்கல்லும் கலந்து போடுகிறார்கள். முன்னால் போகும் லாரி தெறிக்கவிடும் கல் பட்டு பொனட்டில் பெயிண்ட் புள்ளி புள்ளியாகப் பெயரும், அந்தப் புள்ளியில்தான் துரு தொடங்கும். அதனால் கழுவியதும் நான் முதலில் செய்வது, முன்பக்கத்தைத் தடவிப் பார்த்து, பெயர்ந்த இடத்தைக் காயவைத்து, அதே நிறப் பெயிண்டால் தொட்டுவிடுவது.

ஆனால் எங்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு, சினூக் காற்று. ராக்கி மலையைத் தாண்டி இறங்கும் இந்தக் காற்று, மைனஸ் 20இல் கிடந்த ஊரைச் சில மணி நேரத்தில் பூச்சியத்துக்கு மேலே ஏற்றிவிடும். மேற்கே வானத்தில் வில் போல மேகம் வளைந்தால் கார் வாஷ் வாசலில் வரிசை தெருவரைக்கும் வந்துவிடும், சீக்கிரம் போக வேண்டும்.

ஸ்காபரோ, ஒன்ராறியோ

எல்லோருக்கும் நன்றி. மார்க்கம் அண்ணை சொன்ன எண்ணெய் விஷயத்தில் எனக்கும் அதே எண்ணம்தான். இன்னும் இரண்டு விஷயம் சொல்ல விட்டுவிட்டது.

வசந்தத்தில், கடைசி உப்பை மழை கழுவிய பிறகு, வெளிக்குழாயைத் திறந்ததும் புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் கருவியைக் காருக்கு அடியில் வைத்து அரை மணி நேரம் ஓட விடுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தரம் காரைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்துங்கள். பலமான பீய்ச்சல் எட்டாத இடத்தையும் அது ஊறவைத்துக் கரைக்கும். வெயில் ஏற ஏறத் துருவின் வேகமும் ஏறும் என்பதால் ஏப்ரல் கழுவலைத் தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்தது உள்பக்கம். சப்பாத்தில் ஒட்டி வரும் உப்பு கார்ப்பெட்டில் இறங்கி, அதற்குக் கீழே இருக்கும் தரைத்தகட்டை மேலிருந்து அரிக்கும். விளிம்பு உயர்ந்த ரப்பர் விரிப்புப் போட்டு, தேங்கும் தண்ணீரை அடிக்கடி வெளியே கொட்டுங்கள். வெள்ளைக் கறை பட்டிருந்தால் வினாகிரியும் வெந்நீரும் சரிபாதி கலந்து தெளித்து, துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். பிறகு விரிப்பைத் தூக்கி வைத்துவிட்டு நன்றாகக் காய விடுங்கள்.