ஆச்சி வீட்டு ஸ்டாரும் ஜன்னல் கம்பியும்

செல்வி: அண்ணே, இதை உடனே பாருங்கள். முன் ஜன்னல் கம்பியில் ஷாக் அடிக்கிறது. அம்மா துண்டு காயப்போடக் கை வைத்ததும் சுர்ரென்று இழுத்துவிட்டது.

மெர்சி: ஐயோ மதினி, அத்தைக்கு ஒன்றும் இல்லையே?

செல்வி: நன்றாக இருக்கிறார்கள். ரப்பர் செருப்பு போட்டிருந்தார்கள். காபி குடித்துக்கொண்டே என்னைத் திட்டுகிறார்கள்.

அந்தோணி: யாரும் கம்பியைத் தொடவேண்டாம். கிறிஸ்துமஸ் ஸ்டாருக்குப் போட்ட சீரியல் விளக்கு செட் அந்த ஜன்னல் வழியாகத்தானே மாடிக்குப் போகிறது? முதலில் மெயினை அணை.

செல்வி: அணைத்துவிட்டேன். ஆனால் ஸ்டார் இன்னும் எரிகிறது அண்ணே.

ரூபன்: என்னது??

அந்தோணி: அது இன்வெர்ட்டர் லைன். மெயின் போனாலும் அந்த வயரில் பேட்டரி கரண்ட் ஓடும். இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, அப்புறம் பிளக்கைப் பிடுங்கு.

ஜெனி: பிளக்கே இல்லை மாமா. வயரை அப்படியே ஓட்டையில் செருகித் தீக்குச்சி வைத்து இறுக்கியிருக்கிறது.

அந்தோணி: யார் செய்த வேலை இது?

டானி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மெர்சி: டானி, வீட்டுக்கு வா, பேசுகிறேன்.

டானி: அம்மா, பிளக் உடைந்திருந்தது. போன வருஷம் கோவில் தெருவில் எல்லாரும் இப்படித்தான் போட்டார்கள்.

செல்வி: இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டேன். இப்போது எல்லாம் இருட்டு. வயரைப் பிடுங்கியாயிற்று.

அந்தோணி: நல்லது. அம்மாவுக்குப் படபடப்பு, தலைசுற்றல் ஏதாவது இருக்கிறதா? இல்லை என்று சொன்னாலும் ஒரு ஈசிஜி எடுத்துவிடுவோம். எண்பது வயது.

செல்வி: வரமாட்டேன் என்கிறார்கள். நான் 2023 வெள்ளத்தையே பார்த்தவள், இது என்ன என்று கேட்கிறார்கள்.

மெர்சி: மதினி, நான் வந்து கூட்டிப்போகிறேன். நான் சொன்னால் கேட்பார்கள்.

செல்வி: நான் சொன்னால் கேட்கமாட்டார்கள் என்கிறாயா?

மெர்சி: அப்படிச் சொல்லவில்லை மதினி.

ஜெனி: மாமா, வயரின் போட்டோ போட்டிருக்கிறேன் பாருங்கள். ஜன்னல் கதவு மூடும் இடத்தில் நசுங்கி, உள்ளே செம்பு தெரிகிறது.

அந்தோணி: அதுதான் காரணம். எல்லாரும் பொறுமையாகப் படியுங்கள். கதவை ஒவ்வொரு தடவை மூடும்போதும் வயர் நசுங்கியிருக்கிறது. மேல்தோல் கிழிந்து, இரவு மழையில் நனைந்து, கரண்ட் கம்பிக்குக் கசிந்துவிட்டது. கம்பிக்கு எர்த் கிடையாது. ஆகவே யார் தொடுகிறார்களோ அவர் வழியாகத்தான் அது தரைக்குப் போகும். எல்.இ.டி. சீரியல்தானே, சின்ன பல்புதானே என்று நினைக்கிறோம். பல்பு ஒவ்வொன்றும் சில வோல்ட்தான், ஆனால் வரிசையாகக் கோத்து நேராக வீட்டு லைனில் செருகுகிற செட்டில், வயரில் இருப்பது அதே 230 வோல்ட். ஃப்ரிட்ஜ் வயரில் இருக்கும் அதே கரண்ட், ஆனால் நூல் மாதிரி மெல்லிய தோலுக்குள்.

ரூபன்: அப்பா, எம்.சி.பி. ஏன் விழவில்லை? வெள்ளத்துக்கு அப்புறம் எல்லாம் புதுசாகத்தானே போட்டோம்?

அந்தோணி: எம்.சி.பி. என்கிற அந்தத் தானாக அணையும் சுவிட்ச் வயரையும் வீட்டையும் காப்பாற்றத்தான். ஷார்ட் ஆனாலோ, அளவுக்கு மேல் லோடு ஏறினாலோதான் விழும். 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 6 ஆம்பியரைத் தாண்டவேண்டும். ஆள் உயிரை எடுக்க மில்லி ஆம்பியர் போதும். ஆளைக் காப்பாற்ற இருப்பது ஆர்.சி.சி.பி. என்கிற இன்னொரு சுவிட்ச். அது, போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வேறு பாதையில் கசிந்தால் கண் இமைக்கும் நேரத்தில் அணைத்துவிடும். அது இருந்திருந்தால் அம்மா கை வைக்கும் முன்பே விழுந்திருக்கலாம், கை வைத்த பிறகென்றாலும் உடனே விழுந்திருக்கும்.

அந்தோணி: நம் வீட்டிலும் இருந்தது. நானே நின்று மாட்டவைத்தேன்.

லியோ: மச்சான், மஸ்கட்டில் இப்போதுதான் டியூட்டி முடிந்து பார்க்கிறேன். அந்த ஆர்.சி.சி.பி. ராத்திரி ராத்திரி விழுந்துகொண்டே இருந்தது. ஃப்ரிட்ஜில் மீன் கெட்டுப்போனது. அதனால்தான் நம்ம எலக்ட்ரீஷியன் அதை எடுத்துவிட்டு நேராக இணைத்தார்.

அந்தோணி: மாப்பிள்ளை, அது சும்மா விழவில்லை. இன்வெர்ட்டர் நியூட்ரலும் (கரண்ட் திரும்பி வருகிற வயர்) வீட்டு நியூட்ரலும் ஒன்றாகக் கலந்திருந்தால் அது விழத்தான் செய்யும். நியூட்ரலைப் பிரித்துப் போடுங்கள் என்று அன்றைக்கே சொன்னேன்.

லியோ: என்னிடம் யாரும் சொல்லவில்லை.

செல்வி: என்னிடம் சொன்னார்கள். நான் உங்களிடம் சொன்னேன். நீங்கள் அப்போது ஏர்போர்ட்டில் இருந்தீர்கள்.

ஜெனி: அம்மா ப்ளீஸ்

மெர்சி: மக்ரூன் ஆர்டர் இன்றைக்குள் கொடுக்கவேண்டும். ஒரு கிலோவா, இரண்டு கிலோவா?

ரூபன்: இரண்டு. சென்னைக்கு எனக்கு அரை கிலோ தனியாக.

மெர்சி: ஒரு ஃபார்வர்டு வந்தது, போடுகிறேன். "சீரியல் செட் ஜாயின்ட்டில் கறுப்பு டேப் நான்கு சுற்று சுற்றினால் எந்த மழைக்கும் ஒன்றும் ஆகாது. அனைவருக்கும் பகிரவும்."

அந்தோணி: இதைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதே மெர்சி. வெயிலில் பசை இளகி டேப் கழன்றுவிடும், தண்ணீர் உள்ளே நிற்கும். நம் ஊர் உப்புக் காற்றில் ஜாயின்ட் பச்சை பூத்துவிடும். பச்சை பூத்த இடம் சூடாகும், சூடான இடம்தான் ஒருநாள் பற்றும். வெளியில் ஜாயின்ட்டே கூடாது. நசுங்கிய செட்டைத் தூக்கிப் போடு.

மெர்சி: சரி அத்தான், அழித்துவிட்டேன்.

ரூபன்: அப்பா, நான் ஆன்லைனில் 12 செட் அனுப்பியிருக்கிறேன். நாளை வரும். லோடு தாங்குமா?

அந்தோணி: லோடு பிரச்சினையே இல்லை. எல்.இ.டி. செட் ஒவ்வொன்றும் 5, 10 வாட். பன்னிரண்டும் சேர்ந்தாலும் அயர்ன் பாக்ஸில் பாதி வராது. ஆனால் பன்னிரண்டையும் ஒன்றின் வாலில் ஒன்றாகக் கோக்காதே. எத்தனை சேர்க்கலாம் என்று அட்டையில் போட்டிருக்கும். அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலேயே கேக் ஓவனையும் செருகாதீர்கள். 6 ஆம்பியர் சாக்கெட் தாங்குவது 1380 வாட். ஓவன் ஒன்றே அதைத் தின்றுவிடும். அட்டையில் பிஐஎஸ் தர முத்திரை இருக்கிறதா, தண்ணீர் எவ்வளவு தாங்கும் என்று காட்டும் ஐ.பி. எண் என்ன என்று பார்த்து போட்டோ அனுப்பு.

ரூபன்: ஐ.பி. 44 என்று இருக்கிறது. அதாவது?

அந்தோணி: மழை தெறித்தால் தாங்கும். 65 என்றால் குழாய் வைத்துப் பீச்சினாலும் தாங்கும். அதுவும் விளக்கு மாலைக்கு மட்டும்தான். மினுக்கும் அந்தச் சின்ன கன்ட்ரோல் பெட்டியும் பிளக்கும் பெரும்பாலும் தாங்காது. அவை இரண்டும் கூரைக்குள்ளே இருக்கவேண்டும்.

டானி: பெரியப்பா, குடிலுக்கு என்ன செய்வது? கேழ்வரகு முளைத்துவிட்டது. தினமும் தண்ணீர் தெளிக்கிறேன்.

அந்தோணி: தெளிக்கும் இடத்தில் சீரியல் வயர் போகிறதா?

டானி: தட்டுக்கு நடுவில்தான். புல்லுக்குள் வெளிச்சம் வரும் என்று.

அந்தோணி: உடனே எடு. குடிலுக்குள் யு.எஸ்.பி. லைட் மட்டும். 5 வோல்ட்தான், பவர் பேங்கில் ஓடும், ஈரம் பட்டாலும் ஆளை அடிக்காது. பவர் பேங்கைத் தட்டிலிருந்து தள்ளி வை.

மெர்சி: லைட்டே வேண்டாம், மெழுகுவர்த்தி வைத்துவிடலாமே. வெள்ளம் வந்த வருஷம் அப்படித்தானே வைத்தோம், அழகாக இருந்தது.

செல்வி: வைக்கோல் கூரை, பஞ்சு, தெர்மாகோல், நடுவில் மெழுகுவர்த்தியா! வேண்டவே வேண்டாம்.

ஜெனி: அந்த வருஷம் நாங்கள் நான்கு பேரும் விடிய விடியக் காவல் இருந்தோம் மாமி.

செல்வி: காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்த மழை அது. கரண்ட் இல்லாததால் வேறு வழி இல்லாமல் வைத்தது.

லியோ: மச்சான், ஸ்டாருக்குள் என்ன பல்பு?

ஜெனி: பழைய 60 வாட் குண்டு பல்பு. காகித ஸ்டார்.

அந்தோணி: மாற்று. 5 வாட் எல்.இ.டி. போதும். குண்டு பல்பு கொடுக்கும் சூட்டில் காகிதம் முதலில் பழுப்பாகும், பிறகு பற்றும். பற்றிவிட்டால் தண்ணீர் ஊற்றக்கூடாது. மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் அணைத்துவிட்டு மணல் போடவேண்டும். மாடியில் ஒரு வாளி மணல் வையுங்கள். பெரிதானால் 101.

செல்வி: யாருக்காவது ஷாக் அடித்தால்?

அந்தோணி: ஆளைப் பிடித்து இழுக்கவே கூடாது. சுவிட்சை அணை. முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டை, பிளாஸ்டிக் நாற்காலி எதையாவது கொண்டு வயரைத் தள்ளு. பிறகு 108. தெருக் கம்பத்து வயர் அறுந்து கிடந்தால் நம் கை வேலை இல்லை, பக்கத்தில் போகாதீர்கள். மின்வாரியப் புகார் மையம் மின்னகம் 94987 94987, எந்நேரமும் எடுப்பார்கள்.

அந்தோணி: இன்னொன்று. சுவிட்ச் அணைந்திருக்கிறது என்று நம்பி மாலையைத் தொடாதீர்கள். இரண்டு பின் பிளக்கைத் தலைகீழாகவும் செருகலாம், பழைய வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலில் இருப்பதும் உண்டு. அணைத்த பிறகும் வயரில் கரண்ட் இருக்கும். எப்போதும் பிளக்கைப் பிடுங்கிய பிறகே கை.

ரூபன்: அப்பா, இதையெல்லாம் பின் செய்து வைக்கிறேன்.

லியோ: சரி மச்சான். ஆர்.சி.சி.பி. திரும்பப் போட்டுவிடலாம். செலவு நான் அனுப்புகிறேன்.

அந்தோணி: பணம் பெரிசில்லை மாப்பிள்ளை. யார் வந்து மாட்டுவது என்பதுதான். உங்கள் ஆள் வேண்டாம். லைசென்ஸ் உள்ளவரை நான் கூட்டிவருகிறேன், எர்த்தும் பார்க்கவேண்டும்.

லியோ: என் ஆளும் லைசென்ஸ் உள்ளவர்தான்.

செல்வி: சனிக்கிழமை யார் வந்தாலும் சரி. அன்றைக்கு அண்ணன் பக்கத்தில் நிற்கட்டும்.

ஜெனி: அம்மா, ஆச்சி வாய்ஸ் அனுப்பச் சொன்னார்கள். "என் வீட்டு ஸ்டார் எரியாமல் 22ஆம் தேதி கேரல் பாடுகிறவர்கள் வந்தால் எனக்கு அவமானம். அந்தோணியிடம் சொல், சனிக்கிழமைக்குள் மேலே ஏற்றட்டும். ஆஸ்பத்திரிக்கு வேண்டுமானால் திங்கள்கிழமை வருகிறேன்."

மெர்சி: திங்கள் வேண்டாம் அத்தை. இன்றைக்கே ஐந்து மணிக்கு ஆட்டோ வரும்.

ரூபன்: அப்பா, மாடியில் கட்டலாமா, வேண்டாமா? மழை 20 வரை என்கிறார்கள்.

அந்தோணி: சனிக்கிழமை மெக்கரில் (வயரில் கசிவு இருக்கிறதா என்று காட்டும் கருவி) வயரிங்கைச் சோதித்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை ஸ்டார் ஹாலுக்குள்.

செல்வி: ஹாலுக்குள் என்றால் அம்மா ஒத்துக்கொள்ளமாட்டார்கள் அண்ணே.

லியோ: போர்டிகோவில்?

அந்தோணி: போர்டிகோவில் சாரல் அடிக்கும். பார்க்கலாம்.

டானி: பெரியப்பா, குடில் மேலே பஞ்சு வைக்கலாமா?

மெர்சி: மக்ரூன் இரண்டரை கிலோ சொல்லிவிட்டேன். யாருக்காவது கூடுதலாக வேண்டுமா, ஆறு மணிக்குள் சொல்லுங்கள்.